சிறுபாணன் சென்ற வழியில் ஒரு மின்சாரக் கார்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் செல்லும் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுடையது. உப்பளங்களைப் பின்னே விட்டு, ஏரிக்கரைகளையும் சவுக்குத் தோப்புகளையும் கடந்து மேற்கு நோக்கிப் போகும் இச்சாலையில் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப்பாட்டைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் சிறுபாணாற்றுப்படை, ஏறக்குறைய இந்தச் சாலையைத்தான் தன் 269 அடிகளில் ஒரு பகுதியாகக் கொண்டிருக்கிறது. அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும், அரசனின் ஊராகிய கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுவர். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வருவோர் அந்தப் பேரூராட்சியைக் கடந்துதான் மரக்காணம் வந்து சேர்வார்கள்.

இந்த வழியை ஒருமுறை முழுவதுமாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. நடந்து போவதாகத்தான் முதலில் பேச்சு. எங்கள் முழங்கால்களின் நிலையை எண்ணிப் பார்த்தபின் அது பேருந்தாகி, இறுதியில் நண்பர் ஒருவர் வாங்கியிருந்த மின்சாரக் காராக முடிந்தது. காலையில் சென்னையில் முழுமையாக மின்னேற்றிக்கொண்டு புறப்பட்டு, கடற்கரைச் சாலை வழியே மரக்காணம், அங்கிருந்து ஆற்றுப்படையின் வழியே திண்டிவனம், இரவு விழுப்புரத்தில் தங்கல் என்பது திட்டம். நண்பரின் கார் ஒருமுறை நிரப்பினால் நடைமுறையில் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். உப்புவேலூரிலும் நல்லாமூரிலும் உள்வழிகளில் புகுந்து சுற்றியதில், பிற்பகல் மூன்று மணிக்குத் திண்டிவனம் புறவழிச்சாலையை அடைந்தபோது மின்கலத்தில் எஞ்சியிருந்தது 18 விழுக்காடு.

இனி வழிக்கு வருவோம். அந்தப் பாட்டில் பாணன் எங்கெங்கே உணவு பெறுகிறான்? எயிற்பட்டினத்தில் பரதவர் குடியில் அவனுக்குக் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. வேலூரில் எயினர் குடியில் புளியிட்டுச் சமைத்த சோறும் ஆமாவின் இறைச்சியும். ஆமூரில் உழவர் குடியில் வெண்சோறும் நண்டுக்கறியும். (திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வர். வேலூர்ச் சோற்றில் புளிப்பைக் கண்டவுடன் எங்களில் ஒருவர் துள்ளிக் குதித்தார். நாங்கள் அடக்கி வைத்தோம்!) நெய்தலும் முல்லையும் மருதமும் அடுத்தடுத்து வருவதை உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் வேண்டிய அளவு பேசியிருக்கிறார்கள். நாங்கள் இங்கே சுட்ட விரும்புவது மிக எளிய ஒரு கணக்கு. 35 கிலோமீட்டருக்குள் மூன்று இடங்களில் வழிப்போக்கனுக்கு உணவு. இந்த மூன்று இடங்களையும் எந்த அரசனும் அமைக்கவில்லை. அவை அங்கே குடியிருப்போரின் வீடுகள். அவர்கள் தாங்கள் உண்பதை அவனுக்கும் தருகிறார்கள்.

அடுத்த செய்தி இன்னும் சுவையானது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையில் வழி சொல்பவன் யார்? பரிசில் பெற்றுத் திரும்பி வருகிற பாணன். அதாவது அந்த வழியில் போய், அந்தச் சோற்றை உண்டு வந்தவன். இன்ன இடத்தில் உணவு உண்டு என்று ஊரறிவிப்பு செய்வதற்கும், நான் உண்டேன், நீயும் போ என்று சொல்வதற்கும் உள்ள தொலைவை அன்று பிற்பகல் நாங்கள் நன்றாகவே உணர்ந்தோம். ஏனெனில் கைபேசி வரைபடம் பச்சைப் புள்ளியிட்டுக் காட்டிய பெட்ரோல் நிலையத்தில் மின்னேற்றி இருந்தது. உயரமாக, வெள்ளையாக, புதிதாக இருந்தது. அதன் திரை மட்டும் இருண்டிருந்தது. "ரெண்டு நாளா ஓடல சார். சொல்லியிருக்கோம், வருவாங்க" என்றார் அங்கிருந்த பணியாளர்.

பக்கத்துத் தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் முளைத்ததே இக்கட்டுரை. நெடுவழியில் செல்லும் உயிரும் ஊர்தியும் தம் வலுவை எங்கே மீட்டுக்கொண்டன, அந்த இடத்தை யார் யாருக்காக வைத்தார்கள் என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

மிகப் பழைய ஏற்பாடு நிழல் மரமும் கிணறும் தண்ணீர்ப் பந்தலும். அதற்கடுத்து எங்களுக்கு மிகவும் பிடித்தது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்தினால் முடிந்தது. தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர், பிறர் கை கொடுக்காமலேயே சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறிவிட்டு, மீண்டும் தலையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த உயரத்தைக் கணக்கிட்டவர் தாமே சுமை தூக்கியவராகத்தான் இருக்க வேண்டும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இக்கல்லை நடுவது வழக்கம். எரிபொருள் வேண்டாத, பழுதடையாத, கட்டணமில்லாத இந்த நிலையங்களை விழுப்புரம் மாவட்டத்தின் உட்சாலைகளிலும் ஒரு காலத்தில் தாராளமாகக் காணலாம். சாலை அகலமாக அகலமாக அவை மண்ணுக்குள் போயின.

சத்திரங்களும் சாவடிகளும் பெரிய முதலீடு. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டவை உண்டு. தெற்கே இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் 1802 இல் நிறுவியது அவற்றுள் புகழ்பெற்றது. இவற்றின் கொடை பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாணனுக்குக் கிடைத்த சோற்றுக்கும் சத்திரத்துச் சோற்றுக்கும் இடையே ஒன்று நுழைந்திருந்தது. பந்தி சாதி பார்த்தே போடப்பட்டது. சத்திரம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எனக்கு அதில் எந்தத் திண்ணை என்பது இன்னொரு கேள்வி. ரயில் வந்த பிறகும் இது ஒழியவில்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம் என்றிருந்த பிரிவினை பெரியாரின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்ததன் பின்னர் 1941 இல்தான் நீக்கப்பட்டது. ஒரே தண்டவாளம், ஒரே எஞ்சின், இரண்டு சாம்பார்!

ரயில் என்றதும் விழுப்புரத்திற்கு வந்துவிடலாம். சந்திப்பு என்பதாலேயே ஊரானது விழுப்புரம் என்று சொன்னால் அவ்வூர் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆயினும் 1879 இல் புதுச்சேரிக்குப் பாதை பிரிந்தது முதல், கடலூர் வழியே மயிலாடுதுறைக்கும், திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கும், 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியே திருச்சிக்கும் எனப் பாதைகள் கூடக் கூடத்தான் அது பெருத்தது. நீராவி எஞ்சினுக்குக் கரியும் தண்ணீரும் வழிநெடுக வேண்டும். அதற்கான எஞ்சின் கொட்டகை விழுப்புரத்தில் இருந்தது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 இல். 1960களின் நடுப்பகுதியில் அந்த மின்கம்பி தாம்பரத்திலிருந்து தெற்கே நீட்டப்பட்டது. எங்கே வரை? விழுப்புரம் வரை! ஜப்பானில் செய்து கொணரப்பட்ட யாம்-1 என்ற எஞ்சின்கள் இத்தடத்தில் ஓடின. இந்தியாவில் மீட்டர்கேஜ் பாதையில் மாறுதிசை மின்சாரத்தில் ஓடிய எஞ்சின் வகை இது ஒன்றேதான் என்பது பலருக்குத் தெரியாது. மதுரைக்கும் நெல்லைக்கும் செல்லும் இரவு வண்டிகள் சென்னையிலிருந்து இந்த எஞ்சினோடு வரும். விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினோ, பின்னாளில் டீசல் எஞ்சினோ பூட்டுவார்கள். எங்களில் ஐம்பதைக் கடந்தவர்கள் எல்லோருக்கும் அந்த நள்ளிரவு நினைவிருக்கிறது. வண்டி நின்ற சிறிது நேரத்தில் மின்னெஞ்சின் விலகும் ஓசை. பிறகு ஒரு நீண்ட அமைதி. தேநீர்க்காரர்களின் குரல். பின்னர் ஒரு குலுக்கல், உறங்கும் குழந்தைகள் எல்லாம் ஒருமுறை விழித்து அழும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ரயில் பாதையைப் பொறுத்தவரை, விழுப்புரம் என்பது மின்சாரம் முடிகிற ஊராக இருந்தது. அதற்குத் தெற்கே புகை. இதை யாரும் வஞ்சனையாகச் செய்யவில்லை. பணம் எவ்வளவோ, கம்பி அவ்வளவு. அகலப்பாதையாக மாறி, விருத்தாசலம் வழித்தடம் திருச்சி வரை மின்மயமானது 2010 அளவில். கடலூர், மயிலாடுதுறைத் தடம் அதற்குப் பிறகும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்தது. செஞ்சிக்கோ, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு அறிவிக்கப்பட்ட பாதை கிடப்பிலேயே கிடக்க, ரயிலே இன்னும் வரவில்லை. கம்பி எங்கே முடிகிறது என்பதை எப்போதும் நெடுந்தொலைவு செல்பவரின் தேவையே முடிவு செய்கிறது. குறுக்கே வாழ்பவருக்கு அதில் பேச்சில்லை.

பெட்ரோல் காலத்தை விரைவாகக் கடந்துவிடுவோம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 1888 இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் கணவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் பிள்ளைகளோடு சென்றபோது, வழியில் எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று வீஸ்லோக் ஊரின் அந்த மருந்துக் கடையை இன்று கொண்டாடுகிறார்கள். புதிய ஊர்தி முதலில் பழைய கடைகளின் தயவில்தான் ஓடியிருக்கிறது. 1900 அளவில் அமெரிக்காவில் உருவான கார்களில் கணிசமானவை மின்சாரக் கார்களே. நகரத்துக்குள் அவை நன்றாகவே ஓடின. நகருக்கு வெளியே மின்சாரமே இல்லாதபோது எங்கே போய்ச் செருகுவது? பெட்ரோலையோ தகரக் குவளையில் எங்கும் எடுத்துப் போகலாம். மின்சாரக் காரின் முதல் பிறவி முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே, 45 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று நாம் பழகிய சென்னை – திருச்சிச் சாலை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நான்குவழியானது. இருமருங்கும் நிழல் தந்த புளியமரங்கள் போயின. புளியங்காட்டின் பெயரைத் தாங்கிய ஊருக்கு இப்போது புறவழிச்சாலை இருக்கிறது, புளியமரம்தான் தேட வேண்டும். நடுவே தடுப்புச் சுவர் வந்ததால் சாலை இரண்டு ஆறுகளாகிவிட்டது. எதிர்க்கரையில் இருக்கும் எதுவும் நமக்கு இல்லாததற்குச் சமம்.

இந்திய அரசு இதை உணர்ந்துதான் இருக்கிறது. மின்சார ஊர்திகளுக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவையே, உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. (சோற்றை விற்பதா என்று கூசிய நம் பழைய சமூகத்திற்கு இந்த நுணுக்கம் உடனே புரிந்திருக்கும்.) அதே ஆண்டு டிசம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள், நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துள் ஒன்று, நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று, அதுவும் சாலையின் இருபுறமும் என்று இலக்கு வைத்தன. தமிழ்நாடு அரசு 2019 இல் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டு, 2023 இல் திருத்தியது. 2022 மார்ச்சில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் சென்னை – திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில், போகவர ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு, பத்து நிலையங்களில் விரைவு மின்னேற்றிகளை அமைத்து அதை மின்வாகன வழித்தடம் என அறிவித்தது. மறு ஆண்டு, மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 மின்னேற்று நிலையங்கள் அமைக்க மத்திய அரசு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. தனியார் நிறுவனங்களும் நெடுஞ்சாலை உணவகங்களைப் பிடித்து வைத்தன. ஆக, திண்டிவனம் – விழுப்புரம் சாலையில் மின்னேற்றி இல்லை என்று யாரும் இப்போது சொல்ல முடியாது. பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றமே.

ஆனால் வரைபடத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் வடக்கு – தெற்காக, நெடுஞ்சாலையை ஒட்டி மணிமாலை போலக் கோத்திருக்கின்றன. கிழக்கே மரக்காணம் பக்கமும், மேற்கே செஞ்சி, அவலூர்ப்பேட்டை, மேல்மலையனூர்ப் பக்கமும் மாலை அறுந்துபோகிறது. பாணன் நடந்த கிழக்கு – மேற்கு வழியில் அன்று நாங்கள் ஒரு விரைவு மின்னேற்றியையும் காணவில்லை.

இதனினும் முக்கியமானது பந்தி. நெடுஞ்சாலையில் நிற்கும் விரைவு மின்னேற்றிகளில் பெரும்பாலானவை சிசிஎஸ்-2 என்ற இணைப்பானைக் கொண்டவை. அது கார்களுக்கானது. 30 கிலோவாட் திறனுள்ள ஒன்று எங்கள் நண்பரின் காரை ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நிரப்பிவிடும். வீட்டுச் செருகியில் அதற்குப் பத்து மணி நேரம் ஆகும். சரி, இந்நாட்டில் விற்கும் மின்சார ஊர்திகளில் பெரும்பான்மை எவை? இருசக்கர வண்டிகளும் மூன்று சக்கர வண்டிகளும். அவற்றுக்கு இந்த இணைப்பான் பொருந்தாது. இலேசான ஊர்திகளுக்கென்று ஒரு பொது இணைப்பானை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 இல்தான் ஏற்றது. எல்லா நிறுவனங்களும் அதற்கு மாறிவிடவும் இல்லை. இலட்சக்கணக்கான ரூபாயில் எழுப்பிய அந்த வெள்ளைத் தூணின் அடியில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வந்து நின்றால், தூண் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இத்தனைக்கும் திண்டிவனத்திலிருந்து மேற்கே ஓடும் நெடுஞ்சாலையின் மறுமுனை கிருஷ்ணகிரி. அந்த மாவட்டத்தின் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும்தான் மின்சார ஸ்கூட்டர்களுக்கான பெருந்தொழிற்சாலைகள் அமைந்தன. ஒரே சாலையின் ஒரு முனையில் வண்டி பிறக்கிறது, மறுமுனையில் அதற்குச் சோறில்லை.

மின்சாரமே இல்லாத ஊர்களா இவை? இல்லை. பழைய தென்னாற்காட்டின் வயல்வெளிகளில் கிணற்று மோட்டார்களுக்காக மும்முனை மின்சாரம் நெடுங்காலத்திற்கு முன்பே வந்துவிட்டது. செருகும் இடத்தை வழிப்போக்கனுக்குத் திறந்துவிடும் ஏற்பாடுதான் வரவில்லை. ஒரு ஸ்கூட்டருக்கு வேண்டியது வீட்டுச் செருகி அளவு மின்சாரமே. அதற்கு மின்மாற்றியும் வேண்டாம், ஒதுக்கீடும் வேண்டாம்.

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். எங்கள் கவலையைத் தீர்த்தவர் திருச்சியிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு சென்றுகொண்டிருந்த ஒருவர். அவருடையதும் மின்சாரக் கார். தேநீருக்காக இறங்கியவர், எங்கள் காரின் பச்சை நிற எண்பலகையைப் பார்த்துவிட்டுத் தாமாகவே வந்து பேசினார். "இங்க நிக்காதீங்க சார். விக்கிரவாண்டி தாண்டுறதுக்கு முன்னால ஒரு ஓட்டல்ல இருக்கு. நான் இப்பத்தான் ஏத்திக்கிட்டு வர்றேன், நல்லா ஓடுது. ஆனா அது என் பக்கம். நீங்க பாலத்துக்கு அடியில திரும்பி வரணும். ரெண்டு துப்பாக்கியில இடது பக்கத்துதுதான் வேலை செய்யுது." எங்களுள் பேச்சே எழவில்லை. பெற்றவன் பெறாதவனை எதிர்ப்பட்டு வழிப்படுத்தும் காட்சியைக் கல்லூரியில் எத்தனை முறை தேர்வுக்கு எழுதியிருப்போம்!

அப்போதுதான் கடையின் உள்ளே கவனித்தோம். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னிருந்த செருகியிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி வெளியே வந்து, புங்கமரத்தடியில் நின்ற மின்சார ஸ்கூட்டரில் முடிந்தது. அதன் பின்னிருக்கையில் காலிக் கூடைகள் இரண்டு கட்டப்பட்டிருந்தன. வண்டிக்குரிய இளைஞர் மரக்காணத்தை அடுத்த ஒரு மீனவக் குப்பத்தவர். வெள்ளிக்கிழமைதோறும் செஞ்சிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோய் விற்றுத் திரும்புகிறார். ஒருவழி 60 கிலோமீட்டருக்கு மேல். அவருடைய வண்டி சுமையோடு 80 ஓடினால் பெரிது. பெட்ரோல் வண்டியில் போனபோது செலவு கட்டுப்படியாகவில்லை, இதில் ஆகிறது, ஆனால் நேரம் போகிறது என்றார். அந்த வெள்ளைத் தூணைப் பற்றிக் கேட்டோம். "அது காருக்கு சார்" என்றார், மனக்குறை ஏதுமின்றி.

கடைக்கார அம்மாவிடம் மின்சாரத்துக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்றோம். "ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கு புள்ள. ரெண்டு டீ குடிக்குது, போண்டா சாப்பிடுது. அதுக்கு மேல என்னத்த வாங்கறது?" என்றவர், மாதக் கணக்கைப் பார்த்து வீட்டுக்காரர் முணுமுணுப்பதையும் மறைக்காமல் சொன்னார். சந்தைக்குப் போகிற இன்னும் இரண்டு பேர் இப்போது கேட்கிறார்களாம். செருகி ஒன்றுதான் இருக்கிறது.

செஞ்சி வரைக்கும் வேறு எங்கே ஏற்றுவீர்கள் என்று அந்த இளைஞரிடம் கேட்டோம். விரல் மடக்கிச் சொன்னார். கிளம்பும்போது வீடு. நடுவில் மழையிலோ எதிர்காற்றிலோ இறங்கிவிட்டால் இதே சாலையில் அத்தை வீடு. திண்டிவனத்தில் இந்த அக்கா கடை. செஞ்சியில் சந்தைக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறை, ஆனால் அந்த அண்ணன் கடை திறந்திருந்தால்தான். "நீங்க ஸ்கூட்டர்ல வந்தா என் பேரச் சொல்லுங்க சார், வெல்டிங் அண்ணன் குடுப்பாரு" என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய வண்டி அப்போது 61 காட்டியது. எங்களுடையது 18. பாலத்தடியில் திரும்பும் இடத்தை மறுபடியும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, குளிரூட்டியை அணைத்துவிட்டு, விக்கிரவாண்டியை நோக்கி மெதுவாகப் புறப்பட்டோம்.